சாணித் தொட்டிக்குள் விளக்கு இறக்கிப் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் சாணியும் மூத்திரமும் சேர்கிற கொங்கிரீட் தொட்டி இருக்கிறது. ஆள் உயர ஆழம், மேலே மூடி. பெரும்போகத்துக்கு முன் கலக்கி வயலுக்கு இறைப்போம். அடியில் இறுகிக் கிடப்பதை அள்ள மகன் இறங்குவான். கிணற்றில் செய்வதுபோல விளக்கை இறக்கிப் பார், அணையாவிட்டால் பயமில்லை என்கிறார் அண்ணா. சரியா?
(வாசகி, தம்பலகாமம்)

பதில்: விளக்கை மட்டும் இறக்கிவிடாதீர்கள் அக்கா. அது அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று தெரியும், அவ்வளவுதான். சாணித் தொட்டியில் மெதேன் என்ற தீப்பற்றும் காஸ் இருக்கும், காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தச் சின்னச் சுடரே வெடிக்கப் போதும். ஆளைச் சாய்க்கிற அளவுக்கு ஐதரசன் சல்பைட் என்ற நச்சுக் காஸ் இருந்தாலோ, விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கூழ்முட்டை நாற்றம் வருவது இந்த ஐதரசன் சல்பைட்டால்தான். கொஞ்சம் இருந்தாலே மூக்குப் பிடித்துவிடும், ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு வந்ததும் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது இனி இறங்கலாம் என்று நினைப்பது அப்போதுதான். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம், 1000 என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழலாம். காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கும். சாணிக்குள் குமிழியாக அடைபட்டிருப்பது கலக்கும்போது ஒரேயடியாகக் கிளம்பும், அதனால் காலையில் பார்த்தேன், ஒன்றுமில்லை என்ற பேச்சும் உதவாது. கொரோனாக் காலத்து மாஸ்க் காஸைத் தடுக்காது.

மகன் இறங்கவே வேண்டாம். தண்ணீர் விட்டு இளக்கி, மேலே நின்றபடி நீண்ட கோலால் கிளறி, பம்பின் குழாயை மட்டும் உள்ளே விட்டு இழுங்கள். கச்சான் காற்று வீசுகிற நாளாகப் பார்த்து, காற்று வரும் பக்கம் நில்லுங்கள். பெற்றோல் பம்பைத் தள்ளி வையுங்கள், பீடியும் வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக் கூடாது. தூக்கப்போன தம்பி, அவனைத் தூக்கப்போன அப்பா என்று ஒரே குழியில் அடுத்தடுத்து போன குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு. சிலிண்டரோடு கூடிய மூச்சுக்கருவி இல்லாதவர் உள்ளே போய்ப் பிரயோசனமில்லை, உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

அப்புறம், கலக்கும் அன்று மாடுகளையும் வெளியே விட்டுவிடுங்கள். பட்டி தொட்டியை ஒட்டி இருந்தால் காஸ் அங்கேயும் போகும்.