கச்சான் காலத்தில் மங்கும் கண்

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கண் மங்கியது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார்கள். பிறகு கண் தெளிந்துவிட்டது. ஆனால் கச்சான் என்ற வெப்பக் காற்று வீசத் தொடங்கியதில் இருந்து மதியமானால் அதே கண் மங்குகிறது, கால் இழுபடுகிறது. மாலையில் சரியாகிவிடுகிறது. நோய் முற்றுகிறதோ என்று பயம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் நரம்பு உரமாகும் என்கிறார் அம்மா. உங்களுக்கும் இதே நோய் என்று எழுதியிருந்தீர்கள். எப்படி நம்பிக்கையோடு இருக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் கன்னியா. வேண்டாம். அம்மா ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு கிணற்றிலும் அவர் அள்ளிக் குளிக்கட்டும், நீங்கள் நிழலில் இருங்கள். ஸ்கான் வருவதற்கு முந்திய காலத்தில் இந்த நோயைக் கண்டுபிடிக்க ஆட்களை வெந்நீரில் இருத்திப் பார்த்தார்கள். பார்வை மங்கினால், கால் சோர்ந்தால், சந்தேகம் வலுக்கும். அம்மா சொல்லும் மருந்து மருத்துவர்களுக்குப் பரிசோதனையாக இருந்திருக்கிறது!

1890இல் ஊதோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், இந்த நோயாளிகள் உடலை வருத்தினால் பார்வை மங்குவதையும் ஓய்ந்ததும் திரும்புவதையும் எழுதிவைத்தார். உடல் சூடேறுவதே காரணம் என்பது பின்னால் தெளிந்தது. நமது நரம்புகள் உறை உரிந்த மின்கம்பிகள். சூடு அரைப் பாகை கூடினாலே செய்தி தடைப்படும், தணிந்ததும் ஓடும். இதனால் புதிய சேதம் எதுவும் இல்லை. மாலையில் சரியாகிவிடுகிறது என்று எழுதினீர்களே, அதுதான் அடையாளம். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிதாக ஒரு குறி தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு கதை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர்த் தொற்றும் பழைய குறிகளைக் கிளப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கச்சான் மாதங்களில் நான் வெளிவேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். கழுத்தில் ஈரத்துவாய், கையில் குளிர்ந்த தண்ணீர். கோணேசர் கோயிலுக்கு ஆட்டோவில்தான் போகிறேன். அந்த ஏற்றத்தை நடந்து கடக்கும் பக்தி என்னிடம் இல்லை. கைத்தடியைப் பார்த்து "இந்த வயதிலா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அதிலேயே பாதிக் களைப்பு போனது.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. முழுக்குணம் தரும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் புதிய தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்தை அமெரிக்காவில் அங்கீகரித்ததே 1993இல்தான். இன்று ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்கு மாறலாம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் கிளாட்ரிபின், கிளாடிராமர், ரிடுக்ஸிமாப் என்ற மூன்றை இந்த நோய்க்காக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பது வேறு, நமக்குக் கிடைப்பது வேறு என்பது தெரிந்ததே. ஆனாலும் அடுத்த கிளினிக்கில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். என் நம்பிக்கை இப்படிப் பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவற்றில்தான் இருக்கிறது. சில நாள் அதுவும் இருக்காது. அன்று படுத்துவிடுவேன்.

அடுத்த தவணை நேரசூசி போடுவதற்கு முன்பே அதிபரைப் பாருங்கள். மேல்மாடி வகுப்பு வேண்டாம், பாடவேளைகள் காலையில் வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவரின் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.