துண்டுக்கு அடியில் காயும் துணி

கேள்வி: எனக்கு வயது 31. கூட்டுக் குடும்பம். எட்டு மாதமாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் இரண்டு மடங்காக வருகிறது. இது மூன்றாவது ட்யூப். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டேன். சுத்தத்தில் குறை வைக்கவில்லை. தினம் இரண்டு வேளை குளிக்கிறேன். உள்ளாடை, உள்பாவாடை எல்லாம் அன்றன்றைக்கே துவைத்து, மாடியில் மாமனார் பேப்பர் படிப்பார் என்பதால் பாத்ரூம் கொடியிலேயே துண்டுக்கு அடியில் காயப்போட்டுவிடுவேன். கணவருக்கும் லேசாக இருக்கிறது. திரும்ப வராமல் இருக்க நல்ல க்ரீம் ஒன்று சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: க்ரீம் பெயர் சொல்ல மாட்டேன் அம்மா. முதலில் அந்தத் துண்டைப் பற்றிப் பேசுவோம்.

சுத்தமாக இருக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். வெயில் எட்டிப் பார்க்காத பாத்ரூம், ஆளாளுக்குக் குளித்துவிட்டுப் போகிற ஈரம், அதற்கு மேல் மூடி போட்டதுபோல ஒரு துண்டு. நாளைக் காலை எடுக்கும்போது பாவாடையில் நாடா ஓடுகிற பட்டியை விரலால் அழுத்திப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும். அதைத்தான் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் வேர்க்க வேர்க்க நிற்கிறீர்கள். படர்தாமரை ரத்தம் கெட்டு வருவதில்லை. தோலின் மேலடுக்கைத் தின்று வாழும் பூஞ்சை அது. அதற்கு ஈரமும் சூடும் போதும், நீங்கள் கத்தரிக்காய் சாப்பிட்டீர்களா என்று அது பார்க்காது. துணியில் ஒட்டிய அதன் வித்துகள் மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். மருந்து போட்டு விரட்டியதை மறுநாள் நீங்களே எடுத்து உடுத்திக்கொள்கிறீர்கள்.

சரி, உங்கள் கணவரின் ஜட்டி எங்கே காய்கிறது? நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். மாடியில், நடுக்கொடியில், க்ளிப் மாட்டி, அந்தப் பேப்பர் படிக்கும் பெரியவருக்கு முன்னால். மகன் ஜட்டியைப் பார்த்துக் கெடாத மரியாதை மருமகள் பாவாடையைப் பார்த்தால் கெட்டுவிடுமா? அதுவும் இருக்கட்டும். மாடியில் காயப்போடாதே என்று அவர் எப்போதாவது சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. யாரும் போடாத தடையை நீங்களே போட்டுக்கொண்டு எட்டு மாதமாகச் சொறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால், ஆமாம். நானும் ஒன்பது பேர் இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பீரோவுக்குப் பின்னால் ஆணி அடித்து உள்ளாடை காயப்போட்டவள். அந்த முக்கல் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்காகத் தனிக்குடித்தனம் போங்கள் என்று சொல்கிற ஆள் இல்லை நான். பெரியவர்களைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்வது கடமை என்று இதே பக்கத்தில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மருமகளுக்கு ஒரு முழம் வெயில் ஒதுக்க முடியாத வீடு அவளிடம் கடமையைப் பற்றிப் பேசக் கூடாது.

அப்புறம் கணவர். அவருக்கு “லேசாக” இருக்கிறதாம். லேசோ கனமோ, உங்களிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு என்று போய் வந்துகொண்டேதான் இருக்கும். வைத்தியம் இரண்டு பேருக்கும் சேர்ந்து நடக்க வேண்டும், வீட்டில் இன்னும் யாராவது சொறிந்தால் அவர்களுக்கும். ஒரே துண்டில் துவட்டுவது இன்றோடு முடிய வேண்டும். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அவர் சொன்னால் இந்தப் பக்கத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது அந்த ட்யூபைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், அதனால்தான் நாலு நாள் நிம்மதி. பூஞ்சையை எதிர்க்கிற தோலின் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும், அதனால்தான் இரண்டு மடங்காக வருகிறது. தொடை இடுக்குத் தோல் ஏற்கெனவே மெல்லிசு. அங்கே மாதக்கணக்கில் பூசினால் பிள்ளை பெற்ற வயிற்றில் விழுகிற மாதிரி வரிவரியாகக் கோடு விழும். பிறகு அழிக்க முடியாது. இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-லேயே மத்திய அரசு டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள், நாமும் காட்டக் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்கிறோம்.

தோல் டாக்டரிடம் இரண்டு பேரும் போங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. மூன்று ட்யூபையும், காலியானாலும், பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த க்ரீமை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடலாம், பயந்து மறுபடி தொடாதீர்கள். மாத்திரை பல வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். முன்பு அடங்கிய மருந்துக்கெல்லாம் இப்போதைய பூஞ்சை சுலபத்தில் மசிவதில்லை. நாள் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தடம் மறைந்துவிட்டது என்று பாதியில் விடுகிறவர்கள்தான் எனக்கு இரண்டாவது கடிதம் எழுதுகிறார்கள்.

துணியை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நல்ல வெயிலில் போடுங்கள். மழை நாளில் நாடாப் பட்டியையும் எலாஸ்டிக்கையும் இஸ்திரி போடுங்கள். மாடியில் கொடி கட்டுவது உங்கள் கணவர் வேலை, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள்.

அதற்கு முன்னால் உங்கள் மாமியாரின் உள்பாவாடை எங்கே காய்கிறது என்று பாருங்கள். மாடியில் இருக்காது என்றுதான் என் ஊகம். அப்படியானால் கொடியை இரண்டாகக் கட்டச் சொல்லுங்கள்.