கரையில் ஒரு வாளி நீர் எடுத்தால் போதாதா, படகு எதற்கு?

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை நீர் ஆய்வுக்குப் படகில் அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். கரையோர நீர் கரையின் கதையை மட்டுமே சொல்லும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழையாறு கொண்டுவரும் நன்னீரைவிடக் கடல் நீர் கனமானது. காயல் கடலோடு சேரும் வாயான பொழி திறந்திருக்கும்போது அது அடியில் புகுந்து தங்கப் பார்க்கும். நடுக்காயலில் மேலே ஒரு புட்டி, அடியிலிருந்து ஒரு புட்டி எடுத்து உப்பளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி தொடங்கிவைத்த முறை. 20 செ.மீ. அகலத் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பகுதிகள், பள்ளியிலேயே செய்துவிடலாம். படகின் நிழல் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்திருக்கும் பிள்ளை "போச்சு, போச்சு!" என்று கத்தும் அந்த நொடிக்கு எந்தப் பாடநூலும் ஈடாகாது.

கரைந்த ஆக்சிஜனுக்கான புட்டியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்ததும் பழுப்பாக வீழ்படிவு இறங்கினால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்தக் கரைசல்களை ஆசிரியரே ஊற்றட்டும்.

காற்று எழுமுன் காலையிலேயே கிளம்புங்கள். உயிர்காப்பு உடை இல்லாத பிள்ளையைப் படகில் ஏற்றவே வேண்டாம். 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தில் மட்டும், வலசைப் பறவைகளுக்காக, கரையிலிருந்தே பாருங்கள்.