கண்மாயில் விழும் குப்பையும் ஊரோடு பேசும் முறையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஏறத்தாழ நானூறு வீடுகள் உள்ளன. ஊரை ஒட்டிய கண்மாயின் கரையிலும், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டு, அவ்வப்போது எரிக்கவும்படுகிறது. இளைஞர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தத் தீர்மானித்து, வெளியூர்களில் வேலை பார்ப்பவர்களிடம் 20,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். பேரணி, துண்டறிக்கை, பதாகை ஆகியவற்றுக்கு இத்தொகை போதுமா? எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தொகை போதும். ஆனால் நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்றிலும் இப்போதைக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்மாயில் குப்பை கொட்டுவது தவறு என்பதை அறியாதவர் உங்கள் ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார். அறிந்திருந்தும் கொட்டுகிறார்கள் என்றால், வீட்டில் சேரும் குப்பையை வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை என்று பொருள். அந்த விடையை ஏற்பாடு செய்துவிட்டுப் பேசத் தொடங்கினால் ஊர் காது கொடுக்கும். ஏற்பாடு இல்லாமல் பேசினால், எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் அவையும் சேர்ந்து கண்மாய்க்குத்தான் போகும்.

ஆகவே கண்மாய்க்கரையிலிருந்தே தொடங்குங்கள். ஒரு காலை வேளையில் கையுறையும் தார்ப்பாயும் எடுத்துச் சென்று, அண்மையில் கொட்டப்பட்ட ஒரு குவியலைப் பிரித்துப் பாருங்கள். மட்கும் கழிவு, பால் பாக்கெட்டும் தின்பண்ட உறையும், வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும், டயப்பரும் நாப்கினும், கட்டட இடிபாடு, கோழிக்கடைக் கழிவு என்று தனித்தனியாகக் குவித்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாழையிலை மிகுதியாக இருந்தால் நீங்கள் பேச வேண்டிய இடம் கல்யாண மண்டபம். டயப்பர் மிகுதியாக இருந்தால் கைக்குழந்தை உள்ள வீடுகள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் முழுவதையும் பொதுவாக நோக்கி ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று முழங்கினால், ஒவ்வொருவரும் அது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். காலையிலும் இருட்டிய பிறகும் யார் எந்த வழியாக வந்து கொட்டுகிறார்கள் என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

அடுத்து, கண்மாய் யாருடைய பொறுப்பில் உள்ளது என்று அறிய வேண்டும். தமிழகத்தில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. இது தெரியாமல் மனு கொடுத்து, ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்ட, ஒரு பருவமே வீணாகிப் போன குழுக்கள் உண்டு.

ஊரில் உங்களுக்கு இயல்பான துணை யார் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கண்டுகொள்ளலாம். மடையில் பாலித்தீன் பை அடைத்துக்கொண்டால் முதலில் துன்பப்படுபவர் நீர் பாய்ச்சுபவர். அடுத்தவர் கடைமடை விவசாயி. அவர்களோடு மீன் குத்தகை எடுத்தவரும், ஆடு மாடு மேய்ப்பவரும். இவர்கள் சுற்றுச்சூழல் என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். ஆனால் கண்மாயைப் பற்றி உங்கள் பன்னிரண்டு பேரைக் காட்டிலும் கூடுதலாக அறிந்தவர்கள். பிரசாரத்தின் முகமாக அவர்கள் நிற்கட்டும். பின்னணி வேலையை நீங்கள் பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஊரிடம் என்ன கேட்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு செயலைக் கேளுங்கள். ‘மட்கும் குப்பையைத் தனி வாளியில் போட்டுக் காலையில் தூய்மைக் காவலர் வரும்போது கொடுங்கள், மற்றவற்றை ஒரு சாக்கில் சேர்த்து வைத்துச் சனிக்கிழமை கொடுங்கள்’ என்பது போல, கேட்பவர் மறுநாளே செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியபோது, அத்திட்டம் வீடு வீடாகப் பரவியதற்குச் சட்டமும் கெடுவும் மட்டும் காரணமல்ல. மொட்டை மாடியில் விழும் நீரைக் குழாய் வழியாக இறக்கி, மணலும் கல்லும் நிரப்பிய ஒரு குழிக்கோ கிணற்றுக்கோ விட வேண்டும் என்று, கொத்தனார் ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலையாக அது மக்களிடம் சொல்லப்பட்டது. பிற்பாடு அந்தக் குழிகளில் பல தூர்ந்துபோயின. கட்டச் சொன்ன அளவுக்கு, ஆண்டுதோறும் தூர்வாரச் சொல்லவில்லை என்பது என் கருத்து. நீங்கள் கேட்கும் செயல் எதுவானாலும், ஆறாவது மாதத்தில் அதை நினைவூட்டப் போவது யார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவ்வூர் மக்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்கிறார்கள். அங்கே ஊர் ஏற்றுக்கொண்ட செயல் ஒன்றே ஒன்று. அதை யார் மீறினாலும் எல்லோருக்கும் கேட்டுவிடும். அதற்கும் மேலாக, நத்தைகுத்தி நாரையும் வக்காவும் தங்கள் ஊருக்கு வந்த விருந்தாளிகள் என்ற எண்ணம் அந்த மக்களிடம் இருக்கிறது. வெளியிலிருந்து போய் யாரும் அதை ஊட்ட முடியாது. ஏற்கெனவே இருப்பதைக் கண்டு பேச முடியும். உங்கள் கண்மாயின் கரையில் அய்யனார் கோயிலோ, மீன்பிடித் திருவிழாவோ, முளைப்பாரி கரைக்கும் படித்துறையோ இருக்கக்கூடும். பேச்சை அங்கிருந்து எடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி மழைக்கு முன்பு வரத்துக்கால் சுத்தமாகிவிட வேண்டும். முதல் வெள்ளம் வந்தால் அங்குள்ள குப்பை அனைத்தும் கண்மாய்க்குள் போய்விடும். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆடியில் கணக்கெடுப்பையும் ஆவணியில் வீடு வீடான சந்திப்பையும் முடியுங்கள். குப்பை சேகரிக்கும் கிழமை, மட்கும் கழிவை உரமாக்கும் இடம், கரையில் கொட்டுவதற்கும் எரிப்பதற்கும் தடை ஆகியவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, நகலைக் கேட்டுப் பெறுங்கள். அந்த நகல் கையில் இருந்தால், ஊராட்சித் தலைவர் மாறினாலும் ஏற்பாடு நிற்கும்.

பணத்தின் பெரும்பகுதியை வாளிகளுக்கும் சாக்குகளுக்கும், தூய்மைக் காவலர்களின் கையுறைக்கும் தள்ளுவண்டி பழுதுபார்ப்புக்கும் ஒதுக்குங்கள். பதாகைக்குப் பதிலாக நான்கு இடங்களில் சுவரில் எழுதினால் போதும். குப்பையைக் குறைக்கச் சொல்லி ஃபிளெக்ஸ் அடிப்பது பொருந்தாது. ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டதால், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் செல்லலாம். காவல் நிலையத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஏரியைக் காக்கும் பிரசாரத்தில் மாணவர்களைப் பேரணிக்கு அனுப்பும்படி ஊரில் கேட்கிறார்கள். அனுப்புவதால் பயன் உண்டா?
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: வெயிலில் பதாகை பிடித்து நடப்பதால் பிள்ளைகளுக்கும் ஏரிக்கும் பெரிய நன்மை ஏதுமில்லை. குப்பை பொறுக்கவோ பிரிக்கவோ அவர்களை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். உடைந்த கண்ணாடியும் ஊசியும் கிடக்கும் இடம் அது. அதற்குப் பதிலாக, ஏரியை அறிந்துகொள்ளும் வேலையைக் கொடுங்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் ஆண்டுதோறும் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், பெரியவர்களின் துணையோடு பள்ளிப் பிள்ளைகளும் பங்கெடுக்கலாம். தாங்கள் எண்ணிய பறவைகளின் பட்டியலை ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையில் ஒரு மாணவி எழுந்து படித்தால், அதைக் கேட்கும் பெற்றோர் எந்தத் துண்டறிக்கையையும் விடக் கூர்ந்து கேட்பார்கள். உங்கள் மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கி விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. தங்கள் மலையில் எந்தக் கழுகு வாழ்கிறது, எந்தக் குன்றில் சுனை ஊறுகிறது என்பது பதிவாகியிருந்தது அந்த ஊர்களின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் கோழிக் கழிவைக் கண்மாயில் கொட்டுபவர் எனக்குத் தாய்மாமன் முறை. நண்பர்கள் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: போட வேண்டாம். ஊர் முன்னால் தலைகுனிந்தவர் நாளைக்கு இரவில் கொட்டுவார்; உங்கள் பேச்சை இனி எவர் மூலமாகவும் கேட்க மாட்டார். கடை ஓய்ந்த நேரத்தில் மாமாவைத் தனியாகப் போய்ப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கழிவு சேர்கிறது, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கூடுகிறது, எடுத்துப்போக வண்டி வந்தால் மாதம் எவ்வளவு தர முடியும் என்று கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்றக் கோழிக்கடைக்காரர்களையும் அவரே கூப்பிட்டுப் பேசினால், ஒரு வண்டிக்குப் போதுமான கழிவு சேரும். முறையாகக் கையாளும் இடத்துக்குத்தான் அது போகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மீன்களுக்குத் தீனியாகக் கோழிக் கழிவு போகும் வழக்கம் உண்டு, அதற்குத் துணைபோகக் கூடாது. வண்டி ஏற்பாடான பிறகும் அவர் கொட்டினால், ஊராட்சியில் எழுத்து வழியாகப் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பிரசாரம் பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அறிய முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தபோது அதைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு; ஆயினும் சில மாதங்களில் பைகள் கடைகளுக்குத் திரும்பின. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற துணிப்பை இயக்கம் தொடங்கி, பின்னர் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய்க்குத் துணிப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டபோதுதான், வீட்டிலிருந்து பை எடுத்துவர மறந்தவருக்கும் அங்கேயே ஒரு வழி கிடைத்தது. உங்கள் ஊரில், கரையின் ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு படம் எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். நூறு வீடுகளில் எத்தனை வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன என்று தூய்மைக் காவலரைக் கேட்டுக் குறியுங்கள். கேட்கும்போது அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்றும் கேளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த கிராம சபையில் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி அதுவே.