பொருளாதார மீட்சித் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் பங்கு கிடைக்க அரசு என்ன செய்ய வேண்டும்?

முதல் செலவு குழந்தைக் காப்பகத்துக்கு. சாலை, பாலம் என்று மட்டும் பணத்தைக் கொட்டினால் அந்த வேலைகள் பெரும்பாலும் ஆண்களுக்கே போகும். காப்பகம் என்றால் அங்கே வேலை பார்ப்பவருக்கும் சம்பளம், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கும் சம்பளம். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகத் திட்டத்தைத் தொடங்கியது. தாய்மார்கள் வேலைக்குப் போவது கூடியது. கூடவே, இடம் போதாமல் காத்திருப்போர் பட்டியலும் நீண்டது. ஆகவே கட்டணக் குறைப்போடு ஆளெடுப்பும் நடக்க வேண்டும். நேரமும் பொருந்த வேண்டும்: மூன்று மணிக்கு மூடும் காப்பகத்தால் ஆறு மணி வரை வேலை பார்ப்பவருக்கு என்ன பயன்?

மகப்பேறு விடுப்பில்தான் பல அரசுகள் கோட்டை விடுகின்றன. விடுப்புச் சம்பளத்தை முதலாளி தலையில் கட்டினால், அவர் இளம்பெண்களை எடுக்கவே தயங்குவார். அதனால்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183-வது உடன்படிக்கை (2000), 14 வார விடுப்போடு, அந்தச் செலவைச் சமூகக் காப்பீடோ பொதுநிதியோ ஏற்கவேண்டும் என்கிறது.

தந்தையின் விடுப்பை 'விருப்பம்போல் பகிரலாம்' என்று விட்டால் தாய்தான் எடுப்பார். ஸ்வீடனில் தாய், தந்தை ஆளுக்கு 90 நாள் விடுப்பு தனி ஒதுக்கீடு, எடுக்காவிட்டால் போயிற்று.