மழை பெய்தால் ரிக் ஏன் நிற்கிறது? கேள்வி பதில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் கனிமத் தேடலுக்காக ரிக் எனும் துளையிடும் இயந்திரத்தை ஓட்டும் குழுக்களோடு வேலை செய்யும் புவியியலாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பில்பாரா வறண்ட பூமி என்றுதான் படித்தோம். அங்கே மழையால் வேலை கெடுமா, சார்? (மாணவி, சேலம்)

மழை குறைவுதான். ஆனால் வரும்போது மொத்தமாகக் கொட்டிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2023 ஏப்ரலில் இல்சா புயல் கரையேறும் முன், அருகிலுள்ள ஒரு தீவில் பத்து நிமிடச் சராசரியாக மணிக்கு 218 கி.மீ. காற்று பதிவானது. 2007 மார்ச்சில் ஜார்ஜ் புயல் ஒரு ரயில்பாதைத் தொழிலாளர் கேம்பையே பிய்த்துப் போட்டது, உயிர்ப்பலியும் ஆனது. அதனால் எச்சரிக்கை வந்ததும் ரிக்கின் உயரமான கம்பமான மாஸ்ட்டைப் படுக்க வைத்து, துளைக்குள் இறக்கும் குழாய்களான ராடுகளைக் கட்டிப்போட்டு, ஆட்களை வெளியே அனுப்பிவிடுவோம்.

ஆனாலும் எங்கள் நாட்களை அதிகம் தின்பது காற்று இல்லை, சேறுதான். மண்சாலை நனைந்தால் உள்ளூர் நிர்வாகம் மூடிவிடும். ஓடையில் வெள்ளம் ஓடினால் டீசல் லாரியும் வராது, சாப்பாடும் வராது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ரிக் சும்மா நிற்கும். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

கேள்வி: திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறோம். நாங்கள் தூறலிலும் போடுகிறோமே, உங்களுக்கு மட்டும் என்ன பிரச்சினை?

அண்ணே, ஆர்.சி. (ரிவர்ஸ் சர்குலேஷன், தூளைக் குழாயின் உள்வழியே மேலேற்றும்) முறையில் நாங்கள் ஓட்டுவதும் உங்களைப் போலக் காற்றழுத்தத்தில் அடிக்கும் ஹேமர்தான். ஆனால் உங்களுக்குத் தண்ணீர் வேண்டும், எங்களுக்குத் தூள் வேண்டும், அதுவும் காய்ந்த தூள்.

ஒவ்வொரு மீட்டருக்கும் பாறைத்தூள் உள்குழாய் வழியே மேலே வந்து, பிரிப்பானில் விழுந்து, இரண்டு மூன்று கிலோ மட்டும் காடாத்துணிப் பைக்குள் போகும். பையின் மேல் எண் இருக்கும். ஆய்வகம் அந்தப் பைக்குத்தான் தங்கம் எவ்வளவு என்று சொல்லும். ஈரம் சேர்ந்தால் தூள் களியாகி ஹோஸிலும் பிரிப்பானிலும் அப்பிக்கொள்ளும். 62-வது மீட்டரில் ஒட்டியது 63-வது பையில் விழுந்தால், இல்லாத இடத்தில் தங்கம் இருப்பதாகக் கணக்கு வரும். அதனால் ஒவ்வொரு பைக்கும் காய்ந்தது, ஈரம், சொதசொத என்று குறித்து வைக்கிறோம்.

நிலத்தடி நீரை ஓரளவு காற்றழுத்தத்தால் தள்ளி வைக்கலாம். முடியாவிட்டால் அந்த ஆழத்திலிருந்து வைர முனை போட்டுக் கோர், அதாவது உருளை வடிவப் பாறைத்துண்டு, எடுப்பதுதான் உத்தமம். வெளியே அடுக்கிய பைகள் மழையில் நனைவது தனித் தொல்லை. மீட்டரை எண்ணிச் சம்பாதிக்கும் அவசரத்தில் இதை அலட்சியப்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: பாதித் துளையில் இடி மின்னல் வந்தால்?

வெட்டவெளியில் உயரமான பொருள் எங்கள் மாஸ்ட்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி என்றால் அது சுமார் 10 கி.மீ. தூரம்; அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. எல்லோரும் வண்டிக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வருவதில்லை.

சிக்கல் துளைக்குள் இருக்கிறது. ராடு அடியிலேயே நின்றால் களிமண் ஊறிப் பிடித்துக்கொள்ளும், அல்லது சுவர் சரியும். அப்புறம் ஹேமரோடு ராடுகளையும் மறந்துவிட வேண்டியதுதான். அதனால் மேகம் தூரத்தில் தெரியும்போதே ராடை இழுத்து, துளையின் வாயை மூடிவிட்டுப் போவதே நல்ல டிரில்லருக்கு அழகு. மூடாத துளைக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் திரும்பி வந்து பார்க்கும்போது மண் நிரம்பியிருக்கும்.

கேள்வி: நிற்கும் நேரத்துக்குக் காசு யார் தருவது?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஸ்டாண்ட்பை கட்டணம் எழுதியிருந்தால் கம்பெனி தரும். எழுதாவிட்டால் ரிக்காரர் தலையில். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: கனடாவில் பனிக்காலத்தில் எல்லாம் மூடிவிடுவார்களா?

நேர் எதிர். வடக்கில் பல இடங்களில் சதுப்பும் ஏரியும் உறைந்தால்தான் ரிக் ஏற முடியும். பனிக்கட்டியின் தடிமனை அளந்து, ஏரி மேலேயே நிறுத்தித் துளையிடுவார்கள். அங்கே கெட்ட வானிலை என்றால் இளஞ்சூடுதான். வட கனடாவின் யெல்லோநைஃப் நகருக்கு வடகிழக்கேயுள்ள வைரச் சுரங்கங்களுக்குப் போகும் பனிச்சாலையை 2006-இல் குளிர் போதாமல் சீக்கிரமே மூடினார்கள். மிச்சச் சரக்கு விமானத்தில் போனது. உறைநிலத்தில் துளையிடும்போது மட்டும் குளிர் எதிரி: உள்ளே விடும் தண்ணீர் உறைந்து ராடைப் பிடிக்காமலிருக்க, அதைச் சூடாக்குவார்கள் அல்லது கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பார்கள்.