கேமரா அணைந்திருந்தால் சம்மதம் என்று பொருளா?

அலுவலகக் கேள்விகள். பதில் சொல்பவர், சென்னை ஓ.எம்.ஆர். நிறுவனங்களில் எச்ஆர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். அணியில் பாதிப் பேர் கும்பகோணம், ஓசூர், நாகர்கோவில் என்று அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். அடுத்த மாதம் எங்களை இன்னோர் அணியோடு இணைக்கிறார்கள். எனக்கு வேறு பொறுப்பு, அவர்களுக்குப் புது மேனேஜர். ஆன்லைன் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, "கேள்வி உண்டா?" என்று கேட்டேன். எல்லார் கேமராவும் அணைந்திருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா, மேடம்?
– வாசகி, கோவை

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் முடிந்த மறு நிமிடமே, நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் அத்தனை கேள்வியும் வந்து விழுந்திருக்கும். பதிலையும் அவர்களே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆபீஸாக இருந்தால் டீ குடிக்கப் போகும்போது யார் முகம் வாடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் நீங்களாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். அதற்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் "கேட்ச் அப்" என்று மட்டும் தலைப்புப் போட்டு காலண்டர் இன்வைட் அனுப்பிவிடாதீர்கள். அதில் எச்ஆர் பெயரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் தூங்க மாட்டார்கள். (எங்கள் பிழைப்பு அப்படி.) 2021 டிசம்பரில் பெட்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனத்தின் தலைவர் விஷால் கார்க், ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரின் வேலை போயிற்று என்று சொல்லி முடித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பது வேறு விஷயம். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, உங்கள் ஆட்களும் பார்த்திருப்பார்கள். ஆகவே இன்வைட்டிலேயே எழுதுங்கள்: "புது மேனேஜர், அப்ரைசல், லீவு பற்றி 20 நிமிடம். வேலை போகிற விஷயம் இல்லை." கடைசி வாக்கியம் நிஜம்தானா என்று உங்கள் மேலிடத்தில் கேட்டு உறுதி செய்த பிறகு போடுங்கள். உறுதியில்லை என்றால் போடாதீர்கள்.

பேசும்போது நிறுவனத்தின் தொலைநோக்கு, சினர்ஜி எல்லாம் வேண்டாம், அதை டவுன்ஹால் என்கிற நிறுவனப் பொதுக் கூட்டத்தில் பெரியவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உங்கள் ஆள் மனசில் ஓடுவது வேறு. ஏப்ரலிலிருந்து உங்களிடம் உழைத்தவருக்கு, தன் முகத்தையே பார்க்காத ஒருவர் ரேட்டிங் போடப் போகிறாரே என்ற பயம். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன வேலை முடித்தார், எந்த நெருக்கடியில் கைகொடுத்தார், இன்னும் எது வரவில்லை. அதை அவரிடமே காட்டி, விட்டுப்போனதைச் சேர்த்து, பொறுப்பு கைமாறுவதற்கு முன்பே புது மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். தங்கை கல்யாணத்துக்கென்று நீங்கள் சரி சொல்லி வைத்திருக்கும் லீவையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

அப்புறம் நேரம். இணைகிற அணி கலிஃபோர்னியா வாடிக்கையாளருடையது என்றால், அவர்களின் காலை 9 மணிக் கூட்டம் நமக்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதுவே 10.30 ஆகிவிடும். கைக்குழந்தையோடு இருக்கிற கும்பகோணத்துப் பெண் இதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும், நவம்பரில் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

பதில் தெரியாத கேள்விக்கு, "தெரியாது, வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் வியாழக்கிழமை கூப்பிட வேண்டும். சேதி ஒன்றும் வரவில்லை என்றாலும், வரவில்லை என்று சொல்லவாவது கூப்பிட வேண்டும். ஒருவருக்குச் சொன்ன பதிலைத் தேதி போட்டுப் பொதுவான ஒரு பக்கத்திலும் எழுதி வையுங்கள். ஓசூர்காரருக்கு ஒன்று, நாகர்கோவில்காரருக்கு ஒன்று சொன்னீர்கள் என்ற பேச்சு அதோடு போகும்.

கேள்வி: ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். குடும்பத்தோடு தென்காசி வந்துவிட்டேன். இப்போது சென்னைக்கு வரச் சொல்கிறார்கள். ஏன் என்றால் "பாலிசி" என்கிறார் மேனேஜர்.
– வாசகர், தென்காசி

பதில்: உங்கள் மேனேஜருக்கே அதற்கு மேல் தெரியாமல் இருக்கலாம். 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீதம் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்று 2020-ல் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாள் ஆக்கியது. முதலில் ஆஃபர் லெட்டரில் பணியிடம் என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சென்னை என்றிருந்தால் "ஏன்" என்பதை விட்டுவிட்டு "எப்போது" என்பதைப் பேசுங்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களானால், முழுப் பரீட்சை முடியும்வரை அவகாசம் என்று மெயிலில் கேளுங்கள். வீட்டு அட்வான்ஸ் திரட்டவும் நாள் வேண்டும், அதையும் எழுதுங்கள். கல்வியாண்டு நடுவில் ஆட்களை இடம்பெயரச் சொல்கிற மேனேஜர்களுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: மாற்றத்தால் சோர்ந்திருக்கும் அணியை ஆன்லைன் விளையாட்டு, வினாடிவினா வைத்து உற்சாகப்படுத்தலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வைக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம். மாற்றத்தை அறிவித்த அதே வாரத்தில் எந்த மணிக்கும் வேண்டாம்.